சேம்பர் கிடக்கட்டும், முதலில் கரியை எடுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 1996-இல் பதிவான யமஹா ஆர்எக்ஸ் 100. அப்பா குளச்சலில் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, கருங்கல் சந்தைக்குக் கொண்டுபோய் விற்ற வண்டி. முட்டு வலி வந்து அவர் ஓட்டுவதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது நான் அதில்தான் தினமும் வேலைக்குப் பாறசாலை போய்வருகிறேன். சைலென்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. பிக்கப் இல்லை. 60-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. மார்த்தாண்டத்தில் ஒருவர், ‘சேம்பர் போடு, பறக்கும்’ என்கிறார் (ரேஸ் வண்டிகளில் வருமே, நடுவில் பருத்து வால் பக்கம் கூம்பாகக் குறுகும் சைலென்சர், அது). இன்னொருவர், ‘உள்குழாயை அறுத்துவிட்டால் போதும், காசே செலவில்லை’ என்கிறார். கம்பெனி சைலென்சர் மாதிரியே இருக்கும் புதியதும் கடையில் கிடைக்கிறது. அப்பாவோ, ‘எதைப் போட்டாலும் போடு, சத்தத்தை மாத்தாதே’ என்கிறார். இந்த வருடம் ஆர்.சி.யும் புதுப்பிக்க வேண்டும். எதைப் போடலாம்? இஞ்சினுக்குக் கேடு வருமா? போலீஸ் பிடிக்குமா?

— குளச்சல் வாசகர்

பதில்:

தம்பி, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் சைலென்சரிலிருந்து கடைசியாகக் கரி எடுத்தது எப்போது?

கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வரும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ‘பிக்கப் போயிடுச்சு, 60-க்கு மேல ஏறல’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். போர் போட்டுவிட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு), கார்புரேட்டரை மாற்றிவிட்டுக்கூட வருவார்கள். சைலென்சரைக் கழற்றி வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வராது. டூடி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான எண்ணெய், பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற வண்டி இது. எரியாத மிச்சம் எல்லாம் சைலென்சருக்குள்தான் போய் ஒட்டும். மெதுவாகவே ஓட்டிய வண்டியென்றால் இன்னும் சீக்கிரம் சேரும். அப்பா பெட்டி கட்டிக்கொண்டு நிதானமாகத்தான் ஓட்டியிருப்பார்.

பின்னால் வால் பக்கம் ஒரு சிறிய போல்ட் இருக்கும். அதைக் கழற்றி, உள்குழாயை இடுக்கியால் பிடித்து, திருகிக்கொண்டே இழுங்கள். லேசில் வராது. வந்தால் பாருங்கள்: கருப்பட்டிப் பாகு இறுகியது போல, கறுப்பாக, பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். குழாயில் வரிசையாகப் போட்டிருக்கும் துளைகள் முக்கால்வாசி அடைந்திருக்கும். உங்கள் சைலென்சரில் ஓட்டையும் இருக்கிறது, அடைப்பும் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைத் திட்டுகிறோம். பிக்கப்பைத் தின்றது பெரும்பாலும் அடைப்புதான்.

கரி எடுக்க காஸ்டிக் சோடா போதும். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி எடுங்கள். அலுமினியப் பாத்திரத்தை சோடா அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே வேண்டாம். உள்குழாயை அந்த வாளியில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். சைலென்சரின் அடியில் ஓட்டை இருப்பதால் அதை முழுக்க நிரப்ப முடியாது. முன்வாயை மரத் தக்கையால் இறுக்கி அடைத்து, வால் மேலே இருக்கும்படி தலைகீழாகத் தொங்கவிட்டு, ஓட்டைக்குக் கீழ் மட்டம் வரை ஊற்றுங்கள். கரி அதிகம் சேர்வது முன்பக்க வளைவில்தான், அதனால் அதுவே போதும். மறுநாள் காலையில் நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து தடவை அலசுங்கள். வரும் கறுப்புத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிடாதீர்கள்.

சைலென்சர் கழன்றிருக்கும்போதே சிலிண்டரில் புகை வெளியேறும் வாயையும் பாருங்கள். அங்கேயும் வளையம் வளையமாகக் கரி பிடித்திருக்கும். கிக்கரை மெல்ல மிதித்து, பிஸ்டன் வந்து வாயை மறைக்கும்படி நிறுத்திக்கொண்டு, மரக் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். உதிர்ந்ததைக் காற்றடித்து வெளியே தள்ளிவிட்டுத்தான் கிக்கரை மறுபடி அசைக்க வேண்டும்.

இதைச் செய்து முடித்து, ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்து, ஒரு தடவை கருங்கல் வரை ஓட்டிப் பாருங்கள். வண்டி 60-ஐத் தாண்டிப் போனால் உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்தது. தாண்டவில்லை என்றால் ரிங், கிளட்ச் பிளேட், ஏர் ஃபில்டர் என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, வண்டி நெடுநாள் சும்மா நின்றிருந்தால் கிராங்க் தண்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து கல்லாகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக் காற்று உள்ளே ஏறி இஞ்சின் சூடாகும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். சீல் போன இஞ்சினில் சேம்பர் போடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

இனி சேம்பர் விஷயத்துக்கு வருவோம்.

புல்லட் மாதிரி நாலு ஸ்ட்ரோக் வண்டியில், புகை போகும் வழியை வால்வு திறந்து மூடும். சைலென்சரை மாற்றினால் சத்தம் மாறும், கொஞ்சம் ட்யூனிங் மாறும், அவ்வளவுதான். ஆர்எக்ஸ் இஞ்சினில் அந்த வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் ஒரு வாய். பிஸ்டன் கீழே இறங்கினால் அது திறக்கும், மேலே ஏறினால் மூடும். எரிந்த புகை வெளியே போகும் அதே நேரத்தில் புதுப் பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம், வாய் திறந்திருப்பதால் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். ஓடியதைத் திருப்பி அனுப்புவது யார்? சைலென்சர்தான். டூ ஸ்ட்ரோக்கில் சைலென்சர் என்பது இஞ்சினின் பாதி என்று நான் சொல்வது இதனால்தான்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வருகிறது அல்லவா, அதே வேலைதான் குழாய்க்குள்ளும் நடக்கிறது. வாய் திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. குழாய் அகலும் இடத்துக்கு அது வந்ததும், அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பிப் போய் சிலிண்டரில் மிச்சமுள்ள புகையை இழுக்கும். குழாய் குறுகும் இடத்தில் மோதியதும் ஒரு தள்ளும் அலை திரும்பும். பஸ் கதவை அடைக்கும் முன் படியில் தொங்குகிறவர்களைக் கண்டக்டர் உள்ளே தள்ளுவது போல, வெளியே ஓடிய கலவையை அது சிலிண்டருக்குள் தள்ளிவிடும். உடனே பிஸ்டன் வந்து வாயை மூட வேண்டும். எல்லாமே நேரம் பார்த்துச் செய்கிற வேலை.

அந்த நேரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 100 தன் 11 குதிரைத் திறனைக் கொடுப்பது 7500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அந்த வேகத்தில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நொடியில் ஆயிரத்தில் 8 பங்குதான். வாய் திறந்திருப்பது ஏறக்குறைய அதில் பாதி, அதாவது ஆயிரத்தில் 4 பங்கு. சூடான புகைக்குள் அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஆக, கிடைத்த நேரத்தில் அது ஓடக்கூடியது 2 மீட்டர். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். சேம்பரின் பின்கூம்பு சிலிண்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருப்பது இந்தக் கணக்கால்தான், அழகுக்காக அல்ல.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. இந்த அலைக் கணக்கை ரேஸ் வண்டிகளில் உருப்படியாக்கிக் காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் இருந்த வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய ரேஸ் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது நாட்டை விட்டுத் தப்பி, அந்த வித்தையோடு சுசுகியில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி பிரிவில் சுசுகிக்கு உலகப் பட்டம். ஒரு தகரக் குழாயின் அளவுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. இன்று எந்த அளவும் எடுக்காமல், பார்வைக்கு அதே மாதிரி உருட்டிச் செய்து ‘சேம்பர்’ என்று விற்கிறார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட சேம்பர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. எந்த ஆர்பிஎம்முக்குக் கணக்குப் போட்டுச் செய்தது என்று கேட்டுப் பாருங்கள். விற்கிறவர் முழித்தால் விலைகூடப் பேச வேண்டாம்.

சரி, நல்ல சேம்பராகவே இருக்கட்டும். 7500-க்கு மேல் அளவெடுத்த குழாய் 4000-இல் என்ன செய்யும்? வாய் இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கும். தள்ளும் அலை சீக்கிரமே வந்து, தள்ளிவிட்டு, போய்விடும். அதற்குப் பிறகும் வாய் திறந்தே கிடப்பதால் கலவை வெளியே கொட்டும். அடிவேகத்தில் இழுவை இல்லாமல் வண்டி திணறிக்கொண்டு நிற்கும், பெட்ரோலும் குடிக்கும். டாப் கியரில் 50-இல் போகும்போது உங்கள் இஞ்சின் சுற்றுவது ஏறக்குறைய அந்த 7500-இல் பாதிதான். நீங்கள் போகும் பாதையை யோசித்துப் பாருங்கள். குளச்சல், கருங்கல், புதுக்கடை, களியக்காவிளை. வளைவுக்கு ஒரு வளைவு, சந்திக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர், எதிரே ஜல்லி லாரி. அந்த ரோட்டில் எங்கே 7500-ஐத் தொடப் போகிறீர்கள்? கம்பெனி சைலென்சரும் வெறும் குழாய் அல்ல. அதற்குள்ளும் அகலும் பகுதி, குறுகும் பகுதி, உள்குழாய் எல்லாம் அளவோடுதான் இருக்கின்றன. நடுவேகத்தில் இழுக்கட்டும் என்று செய்தது. உங்கள் ரோட்டுக்கு அதுதான் தோது.

இஞ்சினுக்குக் கேடு வருமா என்று கேட்டீர்கள். என் கதையையே சொல்கிறேன். 22 வயதில் வடசேரியில் வேலை படித்துக்கொண்டிருந்தேன். என் சொந்த ஆர்எக்ஸுக்கு ஒரு சேம்பர் வாங்கி மாட்டினேன். கார்புரேட்டரில் கை வைக்கவில்லை. அன்று ராத்திரியே நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி போய்விட்டுத் திரும்பும்போது, காலி ரோடு, முழு ஆக்சிலேட்டர். சுசீந்திரம் வருவதற்குள் சத்தம் லேசாகக் கம்மியது. ‘கிர்ர்’ என்று ஒரு முனகல், அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் இருவரும் பிழைத்தோம். மறுநாள் பிரித்தபோது பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும், புகை வாய் பக்கம், அலுமினியம் உருகி மேலிருந்து கீழாக வெள்ளிக் கோடுகள். ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. ஆசான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காத்தைக் கூட்டினா பெட்ரோலையும் கூட்டணும்லா மக்கா” என்று மட்டும் சொன்னார். போர் போட்டு, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினேன். அந்தப் பழைய பிஸ்டன் இன்னும் என் கடையில் இருக்கிறது. சேம்பர் கேட்டு வருகிற பையன்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

அன்றைக்கு இல்லாத ஒன்று இப்போது கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) ஓடும் வண்டியில் கலவை ஏற்கெனவே ஒரு படி வறண்டுதான், அதாவது பெட்ரோல் போதாமல்தான், எரிகிறது. அதற்கு மேல் நன்றாக மூச்சு விடுகிற சேம்பரையும் வைத்தால், இஞ்சினுக்குத் தாங்குகிற இடம் இன்னும் குறைந்துவிடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் பழைய ரப்பர் சாமான்களையும் அது இளக்கிவிடும். கரி எடுக்கும் நாளிலேயே அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

உள்குழாயை அறுக்கச் சொன்னவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம். அறுத்தால் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலக் காதுக்குத் தோன்றும். நடுவேக இழுவை போய்விடும். மறுபடி வைக்கலாம் என்றால் அறுத்த குழாய் வளராது.

அடுத்தது, உங்கள் பழைய சைலென்சரைக் காப்பாற்ற முடியுமா என்பது. முடிந்தால் அதுதான் முதல் வழி. துருவில் இரண்டு வகை உண்டு. நாலு ஸ்ட்ரோக் சைலென்சர் பெரும்பாலும் உள்ளிருந்து அரிக்கும். புகையில் வரும் தண்ணீர் அடியில் தேங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இற்றுப்போகும். டூ ஸ்ட்ரோக்கில் உள்பக்கம் ஆயில் பூசிக் கிடப்பதால் துரு வெளியிலிருந்துதான் உள்ளே போகும். உங்கள் வண்டியில் காரணமும் எனக்குத் தெரிகிறது. மீன் பெட்டியிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர். உப்பும் மீன் கழிவும் சேர்ந்த அந்தத் தண்ணீர், சூடான சைலென்சரின் மேல் வருடக்கணக்கில் விழுந்திருக்கிறது. அப்புறம் கடற்கரைக் காற்றும் ரோட்டு மணலும். அப்படியானால் துரு வால் பக்கத்தில், சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் இருக்கலாம். முன்பக்கத் தகடு இன்னும் திடமாகவே இருக்க வாய்ப்புண்டு.

சின்னச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கணீரெனச் சொல்லும். இற்ற இடம் ‘டப்’ என்று செத்த குரலில் சொல்லும். செத்த இடம் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால், அதை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டிவிடலாம். கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஆர்க் வெல்டிங் வேண்டாம், இவ்வளவு மெல்லிய தகட்டில் அது ஓட்டையை அடைப்பதை விடப் புதிதாகப் போடுவதுதான் அதிகம். கரியும் ஆயிலும் போன பிறகுதான் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு பிடிக்காது. வெல்டிங் நடக்கும்போது முன்வாயும் பின்வாயும் திறந்தே இருக்கட்டும். ஒட்டிய இடத்துக்கு குரோம் வராது. சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம்தானே, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்.

தட்டிப் பார்த்து முழுக்க ‘டப்’ என்றால், கம்பெனி மாதிரியே செய்த புதியதை வாங்குங்கள். ஆனால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே ஒன்று போலவே இருக்கும், உள்ளே எதுவுமே இல்லாமல் வெறும் கூடாக வருவதும் உண்டு. இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள். துருப்பிடித்த பழையதை விடப் புதியது லேசாக இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, முன் பிளாஞ்சிலிருந்து வால் வரை நூல் பிடித்து அளவு பாருங்கள். முன்வாயின் உள்விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். உள்குழாயை இரண்டிலிருந்தும் உருவி, முனைத் துளையை ஒப்பிட்டுப் பாருங்கள். துளை பெரிதென்றால் சத்தம், சிறிதென்றால் சூடு. எனக்குத் தெரிந்து பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்வதே இல்லை. பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லிவிடுகிறார்கள்.

மாட்டுவதிலும் ஒரு முறை உண்டு. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். பழசின் மேல் புதுசை வைக்கக் கூடாது. முன் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பின்னால் கிளாம்பு துளையும் ஃபிரேம் துளையும் தானாக நேருக்கு நேர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சைலென்சரை இழுத்துப் பிடித்து போல்ட் போடாதீர்கள். வாஷர் வையுங்கள், துளையைக் கொஞ்சம் ராவுங்கள். இழுத்துக் கட்டிய சைலென்சர் ஒவ்வொரு அதிர்வுக்கும் முன் ஸ்டட்டை நெம்பிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வெல்டிங் விடும், இல்லையென்றால் சிலிண்டரின் அலுமினியத்தில் மரை போகும். மரை போனால் அது வேறு செலவு. எல்லாம் தானாக உட்கார்ந்ததும் முன்பக்கத்தை முதலில், இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கி, பின்பக்கத்தைக் கடைசியில் இறுக்குங்கள். கிக்கரை மிதித்துப் பாருங்கள், பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள், எதுவும் உரசக் கூடாது. 50 கிலோமீட்டர் ஓடி, ஆறிய பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும். முன்வாயில் கறுப்பு எண்ணெய் கசிந்தால் கேஸ்கட் உட்காரவில்லை என்று அர்த்தம்.

அதன் பிறகு பிளக்கைப் பாருங்கள். வாகனம் வராத நேரான ரோட்டில், வண்டி சூடான பிறகு, கொஞ்ச தூரம் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே சாவியை அணையுங்கள். ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றுங்கள். காப்பித்தூள் நிறமென்றால் நல்லது. ஈரக் கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். சாம்பல் வெள்ளையென்றால் பெட்ரோல் போதவில்லை, மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டியாக வேண்டும். அதைக் கூட்டாமல் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டவே கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் நேர் ரோடு இருக்கிறதே என்று அங்கே போய்விடாதீர்கள். காற்றாலை வைத்திருக்கிற இடம், ஆடி மாதக் காற்றில் இலேசான ஆர்எக்ஸைப் பக்கவாட்டில் நகர்த்திவிடும்.

போலீஸ், ஆர்.டி.ஓ. பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது. சத்தமும் புகையும் விதியை மீறினால் 190(2): முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ; கூடவே மூன்று மாதம் லைசென்சும் கிடையாது. சத்தத்தைக் குறைக்கும் சைலென்சர் இருந்தே ஆக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120. நடைமுறையில் எல்லாரையும் பிடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் நீங்கள் தினமும் களியக்காவிளையைத் தாண்டுகிறவர். அந்தப் பக்கம் கேரள மோட்டார் வாகனத் துறைக்கு, மாற்றம் செய்த வண்டி என்றாலே கண் தனியாகத் திரும்பும்.

ஆர்.சி. புதுப்பிப்புக்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். 15 வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேலை. இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பர் பார்க்கக் குனியும்போது சைலென்சரும் கண்ணில் படும். சிலர் அன்றைக்கு மட்டும் பழையதை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவார்கள். அந்த விளையாட்டுக்கு நான் ஆளில்லை. புகைச் சான்றும் வேண்டும். 2000 மார்ச் 31-க்குள் செய்த இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை அனுமதி. கரி எடுத்து, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஆயில் பம்பு சரியாக அடித்தால் நல்ல ஆர்எக்ஸ் இதற்குள் வந்துவிடும். வண்டியைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். குளிர்ந்த டூ ஸ்ட்ரோக் புகை கக்கத்தான் செய்யும்.

ஆக, என் வரிசை இது: கரி, பிறகு ஒட்டு, ஒட்டு முடியாவிட்டால் கம்பெனி மாதிரி. சேம்பர் ஆசை அடங்கவில்லை என்றால் கணக்குத் தெரிந்தவரிடம் அளவெடுத்துச் செய்து, ஜெட் மாற்றி, ரேஸ் டிராக்கில் ஓட்டுங்கள். பாறசாலை ரோட்டில் வேண்டாம்.

அப்பா சத்தத்தைப் பற்றிச் சொன்னதைக் கிழவர் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். ஓட்டை விழுந்த பிறகு அவர் கேட்பது அந்த வண்டியின் சத்தமே இல்லை. ஒட்டு வைத்து, உள்குழாயை மாட்டி, வீட்டு முற்றத்தில் ஸ்டார்ட் செய்து அவரிடம் கேளுங்கள். ஓர் இடத்தில் காற்றுக் கசிந்தாலும், என்னிடம் கொண்டு வருவதற்கு முன் அவரே சொல்லிவிடுவார்.

இன்னொன்று. எப்போதாவது மறுபடி பெட்டி கட்டுவதாக இருந்தால், அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, அதிலிருந்து சின்ன ரப்பர் ட்யூப் ஒன்றை இடது பக்கமாக இறக்கிவிடுங்கள். சைலென்சர் இருப்பது வலது பக்கம். இடது பக்கம் செயின் இருப்பதால், சக்கரத்துக்குப் பின்னால் போய்ச் சொட்டும்படி ட்யூபை நீளமாக விடுங்கள்.